பெருந்தொகை வைப்போருக்கு பாங்க் தரும் 'அன்பளிப்பு'

 

வட்டி ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் நம்மிடையே இல்லை. வட்டிக் கடைப் படியை மிதிக்க அஞ்சுகின்ற குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் எத்தனையோ உள்ளன. வேறு வழியின்றி பாங்கில் பணம் போட்டாலும், பாஸ் புத்தகத்தில் வட்டியாக விழுகின்ற தொகையைத் தனியே கூட்டிக் கணக்கிட்டு, தம் செலவுக்குத் தொடாமல் ஒதுக்கி விடுகின்ற பேணுதல்காரர்களையும் நாம் அறிவோம். அவர்களுடைய பேணுதலை அல்லாஹுத்தஆலா கபூல் செய்வானாக!

ஆனால் ஷைத்தான் ஒரு வாசல் அடைபட்டதும் ஊருக்குத் திரும்பிப் போய்விடுகிறவன் அல்லன். அடுத்த வாசலில் வந்து நிற்பான். இப்போது அவன் நிற்கும் வாசலில் 'வட்டி' என்ற பலகை தொங்கவில்லை. 'போனஸ்' என்று ஒரு பலகை, 'அன்பளிப்பு' என்று இன்னொரு பலகை, 'மதிப்புமிக்க வாடிக்கையாளருக்கு விசேஷ சலுகை' என்று மற்றொன்று. வட்டியைத் தொடாத கைகள் இவற்றைத் தயங்காமல் வாங்கிக் கொள்கின்றன. அதனால்தான் இம்மாதம் இதைப் பற்றி விரிவாக எழுத நாடினோம்.

விஷயம் இதுதான். கணக்கில் சராசரியாக இத்தனை லட்சம் ரூபாய் குறையாமல் வைத்திருப்பவருக்கு, அல்லது இத்தனை மாதம் அத்தொகையை எடுக்காமல் வைத்திருப்பவருக்கு, பாங்க் சில சலுகைகளைத் தருகிறது. சிலருக்குத் தங்கக் காசு. சிலருக்கு லாக்கர் வாடகையில் பாதி தள்ளுபடி. சிலருக்கு விமான நிலையத்தில் இலவசச் சாப்பாடும் சாய்வு நாற்காலியும். சிலருக்குப் பொருள் வாங்கிக் கொள்ளும் கூப்பன். இன்னும் சிலருக்கு, சாதாரணக் கணக்குக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் வட்டி. இந்தக் கடைசி வகையைப் பற்றிப் பேசத் தேவையே இல்லை. அது வட்டி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 'போனஸ் வட்டி' என்று எழுதினாலும் அதே கதைதான்.

இந்தப் போட்டி நம் நாட்டில் பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. சேமிப்புக் கணக்குக்கு எத்தனை சதவீதம் வட்டி என்பதை முன்பெல்லாம் ரிசர்வ் பாங்கே நிர்ணயித்தது. எந்த பாங்கில் போட்டாலும் ஒரே விகிதம்தான். 2011 அக்டோபர் 25 முதல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருப்புக்குத் தொகையைப் பொறுத்து வெவ்வேறு விகிதம் வைத்துக் கொள்ள அனுமதி கிடைத்தது. பெரிய தொகை வைப்போரை இழுக்கும் போட்டி அதன் பின் சூடு பிடித்தது. வட்டியை விரும்பாதவர்களையும் இழுக்க வேண்டுமே! அவர்களுக்குத்தான் தங்கக் காசும் கூப்பனும்.

இது ஹலாலா ஹராமா என்று தீர்மானிக்க முன்னால் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். நாம் பாங்கில் போட்ட பணம் மார்க்கச் சட்டத்தில் என்ன பெயர் பெறுகிறது? அது அமானத்தா, கடனா? பெரும்பாலோர் அதை அமானத் என்று எண்ணியிருக்கிறார்கள். "பணத்தை பாங்கில் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றுதானே நாம் பேசுகிறோம்! அமானத்தைப் பாதுகாப்பவர் தம் மனம் உவந்து ஒரு பொருளைக் கொடுத்தால் அதில் என்ன குற்றம் என்று அவர்கள் கேட்பதும் இந்த எண்ணத்தினால்தான்.

அமானத்தின் இலக்கணம் வேறு. அமானத் பெற்றவர் அப்பொருளை அப்படியே வைத்திருக்க வேண்டும். சொந்தக்காரர் அனுமதியின்றி அதைச் செலவழிக்கலாகாது. அவருடைய குற்றமின்றி அது திருட்டுப் போனாலோ தீயில் எரிந்தாலோ அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை. நம் பணத்தை பாங்க் அப்படியா வைத்திருக்கிறது? நாம் கொடுத்த நோட்டு அன்று மாலைக்குள் வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. பாங்க் அதைக் கலந்து, கடன் கொடுத்து, முதலீடு செய்து சம்பாதிக்கிறது. என்ன நேர்ந்தாலும் முழுத் தொகையையும் திருப்பித் தரும் பொறுப்பையும் ஏற்கிறது. இது கர்ள், அதாவது கடன். இதை நாம் மட்டும் சொல்லவில்லை. நம் நாட்டு 1949-ஆம் வருடத்து பாங்கிங் ஒழுங்குமுறைச் சட்டம், பாங்க் தொழில் என்றால் என்ன என்று இலக்கணம் சொல்லும்போதே, பிறருக்குக் கடன் கொடுப்பதற்காகவோ முதலீடு செய்வதற்காகவோ பொதுமக்களிடம் பணம் பெறுவது என்றுதான் கூறுகிறது. அதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே, 1848-இல், இங்கிலாந்தின் உச்ச நீதி மன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை, பாங்கும் வாடிக்கையாளரும் கடனாளியும் கடன் கொடுத்தவரும் ஆவர் என்று தீர்ப்பளித்து விட்டது.

வீட்டில் இருக்கும் பெண்மணிகளுக்கு இது எளிதில் விளங்க ஒரு உதாரணம் சொல்கிறோம். நீங்கள் ஒரே பாங்குக்குப் போகிறீர்கள். நகையை லாக்கரில் வைக்கிறீர்கள். பணத்தைக் கணக்கில் போடுகிறீர்கள். நகைக்கு யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்? நீங்கள் பாங்குக்கு வாடகை கொடுக்கிறீர்கள். பணத்துக்கு? பாங்க் உங்களுக்குக் கொடுக்கிறது. ஒரே கட்டிடம், ஒரே மேனேஜர். ஒன்றில் நீங்கள் கொடுக்கிறீர்கள், மற்றதில் அவர் கொடுக்கிறார். ஏன்? நகையை அவர் தொடவில்லை. பணத்தை அவர் வாங்கிப் புழங்குகிறார். பாதுகாத்துக் கொடுப்பதற்குக் கூலி வாங்குவது உலக வழக்கம். பாதுகாப்பவரே எதிர்க் கூலி கொடுக்கிறார் என்றால் அங்கே நடப்பது பாதுகாப்பு அல்ல என்று அறிந்து கொள்ளலாம்.

இது புதிதாக முளைத்த பிரச்னையும் அல்ல. சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவரான ஹஸ்ரத் ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் நம்பிப் பணத்தை ஒப்படைக்க வருவார்கள். அது தொலைந்துவிட்டால் சொந்தக்காரருக்கு நஷ்டமாகி விடுமே என்று அஞ்சி, அமானத்தாக வேண்டாம், கடனாக இருக்கட்டும் என்று சொல்லியே அவர்கள் அதைப் பெற்றுக் கொள்வார்கள். அவர்கள் ஷஹீதானபோது அவ்விதம் சேர்ந்திருந்த கடன் 22 லட்சம். அவர்களுடைய புதல்வர் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் காபா என்ற இடத்திலிருந்த நிலத்தை விற்றுக் கடனை அடைத்தார்கள். அதன் பின்னும் நான்கு வருடம் ஹஜ்ஜுக் காலத்தில், தம் தந்தையிடம் பாக்கி உள்ளவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவித்துவிட்டுத்தான் வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிட்டார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள வரலாறு. இங்கே கவனிக்க வேண்டியது, பொறுப்பை ஏற்றுக் கொண்டு புழங்கும் பணத்தை ஸஹாபாக்கள் 'கடன்' என்று பெயர் சொல்லியே வாங்கினார்கள் என்பதாகும். அவ்வளவு பெரும் தொகையை ஒப்படைத்தவர்களில் எவருக்கும் ஒரு பேரீச்சங்குலை 'போனஸ்' கொடுக்கப்பட்டதாக அந்த வரலாற்றில் ஒரு சொல்லும் இல்லை!

ஓ.ஐ.சி.யின் இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1985-இல் ஜித்தாவில் கூடியபோது பாங்க் வட்டி முழுவதும் ரிபாதான் என்று முடிவு செய்தது. 1995-இல் அபூதபியில் கூடியபோது, கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய கணக்குகளில் போடும் பணம், அது இஸ்லாமிய பாங்காக இருந்தாலும் சரி, வட்டி பாங்காக இருந்தாலும் சரி, ஃபிக்ஹின் பார்வையில் கர்ள் என்று தீர்மானித்தது.

கடன் என்று முடிவாகிவிட்டால் மீதி எளிது. கடன் கொடுத்தவருக்கு அக்கடனின் காரணமாக, நிபந்தனையின் பேரில் கிடைக்கும் எந்த லாபமும் ரிபா என்பதில் நான்கு மத்ஹபின் இமாம்களும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். லாபத்தை இழுத்து வரும் கடனெல்லாம் ரிபா என்னும் கருத்தில் ஒரு ஹதீஸ் சொல்லப்படுவதுண்டு. அதன் ஸனது பலவீனமானது என்று முஹத்திஸீன்கள் கூறியிருக்கிறார்கள். எனினும் அக்கருத்தைச் சட்டமாக ஏற்பதில் ஃபுகஹாக்கள் தயங்கவில்லை. லாபம் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

மதீனாவுக்கு வந்த அபூபுர்தா அவர்களுக்கு ஹஸ்ரத் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் செய்த உபதேசத்தை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். நீர் வாழும் நாட்டில் வட்டி பரவிக் கிடக்கிறது. உமக்குக் கடன்பட்டவர் ஒருவர் ஒரு சுமை வைக்கோலையோ ஒரு சுமை வாற்கோதுமையையோ ஒரு சுமை தீவனப் புல்லையோ அன்பளிப்பாகத் தந்தால்கூட வாங்காதீர், அது ரிபாவாகும் என்பது அதன் கருத்து. சகோதரர்களே! வைக்கோலைச் சொன்னார்கள்! மாட்டுக்குப் போடும் புல்லைச் சொன்னார்கள்! தங்கக் காசைப் பற்றி நாம் தனியாகக் கேட்க வேண்டுமா?

"அப்படியானால் கடன் வாங்கியவர் கூடுதலாக எதையுமே கொடுக்கக் கூடாதா? பெருமானார் (ஸல்) அவர்களே கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்களே!" என்று ஹதீஸ் அறிந்த சிலர் கேட்பார்கள். உண்மைதான். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு இளம் ஒட்டகத்தைக் கடனாகப் பெற்று, திருப்பும்போது அதைவிட உயர்ந்த ஒட்டகத்தைக் கொடுக்கச் சொன்னதாக அபூராஃபிஉ (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கடனை அழகிய முறையில் தீர்ப்பவரே சிறந்தவர் என்றும் அப்போது அருளினார்கள். ஆனால் அந்த ஒட்டகத்தைக் கடன் கொடுத்தவர் கூடுதலை எதிர்பார்த்துக் கொடுத்தாரா? பெரிய ஒட்டகம் தருவேன் என்று முன்னாலேயே அறிவித்துவிட்டா வாங்கப்பட்டது? இல்லை. கடன் தீரும் நேரத்தில், யாரும் கேளாமல், வாக்குறுதியும் இல்லாமல், கடனாளி தம் பெருந்தன்மையால் தந்தது அது. பாங்கின் போனஸோ கடன் தீரும் நேரத்தில் வருவதில்லை. கடன் தொடர்ந்து கிடக்க வேண்டும் என்பதற்காக, முன்கூட்டியே அச்சடித்து, தொகையும் காலமும் குறித்து வருகிறது. இரண்டும் ஒன்றாகுமா?

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் உபை இப்னு கஅபு (ரலி) அவர்களுக்கு 10,000 திர்ஹம் கடன் கொடுத்திருந்தார்கள். உபை அவர்கள் தம் தோட்டத்துக் கனிகளை அனுப்பி வைத்தபோது உமர் அவர்கள் அதைத் திருப்பி விட்டார்கள். தம் கனியின் சிறப்பு மதீனா முழுவதும் அறிந்ததே, கடனுக்காக அனுப்பவில்லை என்று உபை அவர்கள் வருந்திச் சொன்ன பிறகே ஏற்றுக் கொண்டார்கள். கடனுக்கு முன்பே இருவருக்கிடையில் கொடுக்கல் வாங்கல் அன்பு இருந்தால், அது கடனால் வந்ததல்ல என்று தெரிகிறது. அதில் தடையில்லை. பாங்குக்கும் நமக்கும் கணக்குத் தொடங்குவதற்கு முன் என்ன உறவு இருந்தது?

இதை அளந்து பார்க்க ஒரு உரைகல் ஹதீஸிலேயே இருக்கிறது. அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை நாயகம் (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். பெருமானார் (ஸல்) அவர்கள் மின்பரில் ஏறி, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வருமா வராதா என்று பார்த்திருக்கலாமே என்ற கருத்தில் கண்டித்துப் பேசினார்கள். அந்த ஹதீஸ் உத்தியோகஸ்தர் பெறும் லஞ்சத்தைப் பற்றியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருளுக்கு 'அன்பளிப்பு' என்று பெயரிட்டால் போதாது, அது எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும் என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது. உங்கள் கணக்கிலுள்ள தொகையை நாளை எடுத்துவிட்டு வீட்டில் உட்காருங்கள். அடுத்த பெருநாளைக்கு அந்தக் கூப்பன் வீடு தேடி வருமா? பிறந்த நாள் வாழ்த்து வருமா? வந்தால் அது அன்பளிப்பு. வராவிட்டால் அது எதற்கு விலை என்று உங்களுக்கே தெரியும்.

பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர் ஒருவர் உங்களிடம் 5 லட்சம் கேட்கிறார். ஒரு வருடம் கழித்து 5 லட்சத்தையும் அப்படியே தருவதாகவும், கூடவே ஒரு தங்கக் காசு தருவதாகவும் சொல்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் "அஸ்தஃபிருல்லாஹ்! அது வட்டியல்லவா!" என்று காதைப் பொத்திக் கொள்வார்கள். அதையே குளிர் சாதன அறையில் டை கட்டியவர் சொன்னால் எப்படி சலுகையாகி விடும்?

நம் பகுதியில் ஷாஃபிஈ மத்ஹபினரும் ஹனஃபி மத்ஹபினரும் கலந்து வாழ்வதால், ஒரு நுட்பத்தையும் சொல்லிவிட வேண்டும். நிபந்தனை பேசாமல், வழக்கத்தின் காரணமாகவே கடனாளி கூடுதல் கொடுப்பது தெரிந்திருந்தால் என்ன சட்டம்? வழக்கத்தில் அறியப்பட்டது நிபந்தனை பேசப்பட்டது போலவே என்று ஹனஃபி சட்டநூல்கள் கண்டிப்பு காட்டுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபிலோ, கூடுதலாகத் திருப்பித் தருவது வழக்கமான ஒருவருக்குக் கடன் கொடுப்பது மக்ரூஹா இல்லையா என்பதில் இரு கருத்துகள் உண்டு என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரவ்ளா'வில் குறிப்பிட்டிருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட ஒரு சிலர், "நாங்கள் ஷாஃபிஈ, எங்களுக்கு இடமுண்டு" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கருத்து வேற்றுமை, நிபந்தனை பேசப்படாத இடத்தில்தான். இங்கே நிபந்தனை தாளில் அச்சாகி, அதன் அடியில் உங்கள் கையெழுத்தும் வாங்கப்பட்டிருக்கிறது. ஷாஃபிஈயாக இருந்தாலும் ஹனஃபியாக இருந்தாலும் பேசி முடித்த கூடுதல் ரிபாதான். மத்ஹபை நிழலாகப் பிடித்துக் கொண்டு வெயிலில் நடக்க முடியாது.

மலேசியாவில் வேலை பார்க்கும் சகோதரர்கள் இதே நுட்பத்தை வேறு விதத்தில் சந்திக்கிறார்கள். அங்கே 1983-இல் முதல் இஸ்லாமிய பாங்க் தொடங்கிய காலத்திலிருந்து சேமிப்புக் கணக்குகளில் 'ஹிபா' என்று ஒரு தொகை தரும் முறை பரவியது. எவ்வளவு என்று முன்கூட்டி வாக்களிக்காமல், பாங்க் தன் இஷ்டப்படி தருவது என்பது அதன் அடிப்படை. அடிப்படை சரியாகவே இருக்கிறது. ஆனால் மாதம் தவறாமல் வரும், எவ்வளவு வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும் என்ற நிலை வந்துவிட்டால், அந்தப் பெயர் எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கேள்வியை உலமாக்கள் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் கணக்கு முளாரபா அடிப்படையில் இருக்கிறதா என்று விசாரித்துச் சேருவது மேல். முளாரபாவில் நீங்கள் கடன் கொடுத்தவர் அல்ல, முதல் போட்டவர். லாபம் வந்தால் பேசிய விகிதப்படி பங்கு, நஷ்டம் வந்தால் முதலில் நஷ்டம். பெரிய முதலுக்குப் பங்கு விகிதத்தை உயர்த்திப் பேசிக் கொள்வதும் அங்கே ஆகும், அது லாபத்தின் விகிதமாக இருக்கும் வரை. இவ்வளவு ரூபாய் நிச்சயம் என்று சொன்ன மறு நொடியே அது கெட்டுவிடும்.

இனி, பாங்கிலிருந்து வரும் எல்லாமே ஹராமா என்றால், இல்லை. செக் புத்தகம், பாஸ் புத்தகம், பணம் எடுக்கும் அட்டை, பணம் போடவும் எடுக்கவும் செய்து கொடுக்கும் வசதி ஆகியவை அந்தக் கடனை வாங்கவும் திருப்பவும் தேவைப்படுகின்ற ஏற்பாடுகளே. கடனாளி தம் கடனைத் திருப்பித் தருவதற்குச் செய்யும் செலவு நமக்கு லாபமாகாது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு ஷரீஅத் விதிகளை வகுக்கும் பஹ்ரைனிலுள்ள ஆயோஃபி அமைப்பு கர்ளைப் பற்றிய தன் 19-ஆவது விதித் தொகுப்பில் இந்த வேறுபாட்டையே சொல்கிறது. போடுதல் எடுத்தலோடு சம்பந்தப்பட்ட வசதி ஆகும். கணக்கின் காரணமாகப் பொருள், பணச் சலுகை, லாக்கர் வாடகைத் தள்ளுபடி, அனுப்பும் கட்டணத் தள்ளுபடி முதலியவை தருவது ஆகாது. கணக்கு வைத்தவருக்கென்றே இல்லாமல் பொதுவாக எல்லாருக்கும் தருவது இந்தத் தடையில் சேராது. வருடப் பிறப்பில் உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் தரும் காலண்டர் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

கரண்ட் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். "எங்கள் கணக்குக்கு வட்டியே கிடையாது, ஆகவே எங்களுக்குக் கவலையில்லை" என்று அவர்கள் நினைக்கிறார்கள். நம் நாட்டில் கரண்ட் கணக்குக்கு வட்டி தர ரிசர்வ் பாங்க் அனுமதிப்பதில்லை என்பது மெய். வட்டி கொடுக்க முடியாததால்தானே பெரிய இருப்புக்கு பாங்க் வேறு உருவத்தில் ஈடு செய்கிறது! இருப்பு கூடக் கூட எந்தெந்தக் கட்டணம் எவ்வளவு குறைகிறது என்று பட்டியலே போட்டுத் தருகிறார்கள். பணம் போடுவதற்கும் எடுப்பதற்கும் உரிய கட்டணத்தை விட்டால் பரவாயில்லை. லாக்கரும் விமான நிலைய விருந்தும் கடனைத் திருப்பும் ஏற்பாடுகளா?

"மேனேஜர் அறையில் தேநீர் கொடுத்தார்கள், குடிக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த அறைக்குக் கடன் கேட்டு வருகிறவருக்கும் அதே தேநீர்தான் என்றால் தாராளமாகக் குடியுங்கள். உங்கள் இருப்பைக் கம்ப்யூட்டரில் பார்த்த பிறகுதான் தேநீர் வந்தது என்றால், தாகமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

குறைந்தபட்ச இருப்பு வைக்காவிட்டால் அபராதம் பிடிப்பதைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த அபராதத்திலிருந்து தப்ப, கேட்கப்பட்ட குறைந்த தொகையை வைத்திருப்பது போனஸ் வாங்குவதாகாது. குற்றம் எதுவும் இல்லாத ஒரு பிடித்தத்திலிருந்து ஏழை தன்னைக் காத்துக் கொள்கிறான், அவ்வளவுதான். ஆனால் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கத்தான் வேண்டும். ஒரு பாங்க், இருப்பு குறைந்த கூலித் தொழிலாளியின் கணக்கில் பிடித்துக் கொள்கிறது. இருப்பு நிறைந்த தனவந்தருக்குத் தங்கக் காசு கொடுக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி 2020-இல் இந்தப் பிடித்தத்தை நீக்கியது. வேறு சில அரசு பாங்குகளும் பின்னர் நீக்கின. நீக்காதவையும் உள்ளன. செல்வம் உங்களில் பணக்காரர்களுக்கிடையிலேயே சுற்றிக் கொண்டிருக்கலாகாது என்ற காரணத்தை அல்லாஹ் சூரத்துல் ஹஷ்ரின் 7-ஆவது வசனத்தில் எடுத்துச் சொல்கிறான். இந்தக் காசு எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகிறது என்று பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக ஓடுவது ஜகாத்தின் திசை. நிஸாபை அடைந்த பணம் ஒரு சந்திர வருடம் கிடந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஏழைக்குப் போக வேண்டும். 5 லட்சம் அசையாமல் கிடந்தால் 12,500 ரூபாய் ஜகாத். பாங்க், "அசைக்காதே, உனக்குத் தருகிறேன்" என்கிறது. ஷரீஅத், "அசைக்காவிட்டால் கொடு" என்கிறது. தம் மேல் கடமையான இந்த 12,500-ஐ மறந்துவிட்டு, வந்த காசு ஹலாலா என்று மட்டும் விசாரிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

கணவரை இழந்த சகோதரி ஒருவர், வீட்டை விற்ற பங்குத் தொகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நமக்கு எழுதியிருந்தார். பாங்கிலிருந்து ஆள் வந்து, மூன்று வருடம் தொடாமல் வைத்தால் மாதா மாதம் வீட்டுச் சாமான் கூப்பன் தருவதாகச் சொன்னாராம். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், அந்தக் கூப்பன் இருந்தால் அரிசிக் கவலை இல்லை என்று எழுதியிருந்தார். இதைப் படித்துவிட்டு, "ஹராம்" என்று ஒரு சொல்லை எழுதித் தபாலில் சேர்த்துவிடுவது நமக்கு எளிது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவ்வளவு எளிதல்ல. அநாதைகளின் பொருளை ஜகாத் தின்று தீர்த்துவிடாதபடி வியாபாரத்தில் ஈடுபடுத்துங்கள் என்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. அந்தக் கட்டளை அச்சகோதரிக்கு மட்டுமல்ல, அவருடைய சகோதரர்களுக்கும் மச்சான்மார்களுக்கும் அவருடைய மஹல்லாவுக்கும் சேர்த்துத்தான். நேர்மையான ஒரு வியாபாரியின் கடையில் எழுத்து மூலம் பங்கு சேர்த்து விடலாம். வாடகை வரும் ஒரு சிறு கடை அறையோ வீடோ வாங்கிக் கொடுக்கலாம். சூரத்துல் பகராவின் 282-ஆவது வசனம் சொல்கிறபடி சாட்சிகளோடு எழுதிக் கொள்ள வேண்டும். உறவென்று வாய் வார்த்தையில் விடலாகாது. விதவையின் பணம் வாய் வார்த்தையில் கரைந்து போனதை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். இவற்றில் எதையும் செய்து கொடுக்காமல், கூப்பன் வாங்காதே என்று மட்டும் அவருக்கு உபதேசம் செய்யும் ஜமாஅத்தார் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, அறியாமல் ஏற்கனவே வாங்கியவர்கள் செய்ய வேண்டியது. முதலில் தவ்பா. சூரத்துல் பகராவின் 279-ஆவது வசனப்படி முதல் தொகை முழுவதும் உங்களுடையதே. அதில் சந்தேகம் வேண்டாம். இருக்கிற காசை விற்றோ, கூப்பனுக்குரிய மதிப்பைக் கணக்கிட்டோ, ஸவாபை நாடாமல் வறுமையில் வாடும் ஒருவருடைய மருந்துச் செலவுக்கோ கடன் சுமைக்கோ கொடுத்துவிட வேண்டும். இதை ஜகாத் கணக்கில் சேர்ப்பது கூடாது. மஸ்ஜிதுக்கு நன்கொடை என்று பெயர் எழுதிக் கொள்வதும் கூடாது. ஏற்கனவே செலவாகியிருந்தால் அதன் மதிப்பைச் சக்திக்கேற்பச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்க்கலாம். காசைச் செய்கூலி கொடுத்து மகளுக்குக் கம்மலாக்கியவர்கள் காசின் மதிப்பைக் கொடுத்தால் போதும். கம்மலைக் கழற்ற வேண்டியதில்லை.

பிறகு பாங்குக்கு ஒரு கடிதம் எழுதி, விசேஷ வகையிலிருந்து சாதாரணக் கணக்குக்கு மாற்றும்படி கேட்கலாம். கணக்கு எண்ணும் கையெழுத்தும் இருந்தால் போதும், காரணம் எழுத வேண்டிய அவசியமில்லை. மாற்றமாட்டோம் என்று சொன்னால், வருகின்ற சலுகைகளைப் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம். கூப்பனுக்குக் காலாவதித் தேதி உண்டு. அது தானாகவே போய்விடும்.